தோலின் மேல்படை செத்த செல்கள்தான் என்றால் அது கிருமியை எப்படித் தடுக்கிறது?

செத்துப்போன செல்களால் என்ன காவல் இருக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். செத்தவை என்பதுதான் அதன் பலம்.

எனக்கு ஊர் திருகோணமலை. அப்பா உப்புவெளியில் கரைவலை இழுத்தவர். அவருடைய உள்ளங்கை பனைமட்டை மாதிரி இருக்கும். வருஷக்கணக்காகக் கயிறு உரசி வந்த காய்ப்பு அது. நம் எல்லோருக்கும் அதே பொருள்தான் மெல்லியதாக உடம்பு முழுக்க இருக்கிறது: தட்டையான செத்த செல்கள் 15, 20 அடுக்கு, இடையிடையே கொழுப்பு. கிடுகு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். செத்த செல்லுக்குள் வைரஸ் பெருகாது. மேலே இருப்பவை உதிரும்போது ஒட்டிய கிருமியும் சேர்ந்தே போகும். ஏறத்தாழ 4 வாரத்தில் மேல்தோல் புதிதாகிவிடும்.

தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம், பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல்) 5 அளவில். பல கிருமிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. வியர்வையிலேயே பாக்டீரியாவைக் கொல்லும் டெர்ம்சிடின் என்ற பொருள் உண்டு. தீங்கு செய்யாத பாக்டீரியாக்களும் அங்கே குடியிருந்து, கெட்டவற்றுக்கு இடம் விடுவதில்லை. கடும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தால் இந்தக் கொழுப்பும் அமிலமும்தான் முதலில் போகும். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

இதையும் தாண்டி வருவதைப் பிடிக்க உயிருள்ள காவலும் உண்டு. 1868இல் பால் லாங்கர்ஹான்ஸ் மருத்துவ மாணவராக இருந்தபோதே தோலில் கிளைவிட்ட செல்களைக் கண்டார். நரம்புச் செல் என்றுதான் நினைத்தார். நுழையும் கிருமியைப் பிடித்து, நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், அங்கே இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுப்பவை அவை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆனால் கூரையில் ஒரு கீறல் போதும். அப்பாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). குதிகாலில் ஒரு வெடிப்பு, நெல் நுழையும் அகலம்கூட இல்லை. கால் மரத்திருந்ததால் அவருக்கு நோகவில்லை. "கடல் தண்ணி பட்டால் ஆறிடும்" என்று அதோடு கடலில் இறங்கினார். மூன்றாம் நாள் கணுக்கால் வரை சிவந்து வீங்கி, குளிரும் காய்ச்சலும். வார்ட்டில் பத்து நாள் கிடந்தார். கடல் தண்ணீர் மருந்தில்லை. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா வாழ்கிறது, சீனி வருத்தம், ஈரல் நோய் உள்ளவர்களுக்கு அது உயிராபத்து.

வெட்டுப்பட்டால் கோப்பித்தூள் அப்பாதீர்கள். ஓடும் நல்ல தண்ணீரில், சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். மீன் முள்ளோ துருப்பிடித்த ஆணியோ ஏறியிருந்தால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்ட காலத்தை டொக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது அம்மா ஒவ்வொரு இரவும் டோர்ச் அடித்து அப்பாவின் இரண்டு குதிகாலையும் விரல் இடுக்கையும் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறா.