கலைஞர் திருவாரூரில் ஏன் 2011 வரை போட்டியிடவில்லை?

முக்கியக் காரணம், 2006 தேர்தலிலும் திருவாரூர் தனித்தொகுதியாகவே (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது) இருந்தது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகுதான் பொதுத்தொகுதி ஆனது. உடனே 2011-இல் நின்றார், ஜெயித்தார். 2016-இலும் அங்கேதான்.

அதற்காக அவர் காவிரி டெல்டா பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. முதல் வெற்றியே 1957-இல் காவிரிக்கரைக் குளித்தலையில். சட்டமன்றத்தில் நங்கவரம் உழவர்களின் பிரச்சினையைப் பேசித்தான் கவனம் பெற்றார். 1962-இல் தஞ்சாவூர், என் கணக்கில் அதுதான் பெரிய பரீட்சை. எதிரே நின்றவர் காங்கிரஸின் பரிசுத்த நாடார், ஊரில் செல்வாக்கான ஆள். அதையும் தாண்டினார்.

அப்புறம் சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று சென்னைதான். மொத்தம் 13 வெற்றி. நின்ற சட்டமன்றத் தேர்தல் எதிலும் தோற்கவில்லை.