காரம் வேறு, கரடு வேறு

கேள்வி: சிறு வடிசாலை ஒன்றின் போர்பன் (மக்காச்சோளம் முதன்மையான அமெரிக்க விஸ்கி) வாங்கினேன். லேபிளில் 120 ப்ரூஃப். முகர்ந்தாலே சுர்ரென்று ஏறுகிறது, விழுங்கினால் தொண்டை எரிகிறது. சரக்கு மட்டமா, எனக்குத்தான் ருசி பார்க்கத் தெரியவில்லையா?

பதில்: அமெரிக்கக் கணக்கில் ப்ரூஃபில் பாதிதான் ஆல்கஹால் சதவீதம். உங்கள் பாட்டிலில் 60. வழக்கமான 80 ப்ரூஃபை முகர்கிற மாதிரி இதை முகர்ந்தால் மூக்கு மரத்துத்தான் போகும். எரிச்சலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சூட்டை உணரும் நரம்புமுனைகளை ஆல்கஹால் தூண்டிவிடுவதால், வாயின் இயல்பான சூடே சுடுவதாகத் தோன்றுகிறது. அது காரம். கரடு என்பது சரக்கிலேயே உள்ள குறை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது தண்ணீர்.

வாய் குறுகிய டியூலிப் கிளாஸ் இரண்டு எடுத்து, தலா 15 மில்லி ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் 3 மில்லி தண்ணீர். அது ஏறக்குறைய 50 சதவீதத்துக்கு இறங்கும். 5 மில்லி விட்டால் 45. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்தால் பிசகாது. ஒரே கிளாஸில் குடித்துக்கொண்டே தண்ணீர் சேர்ப்பவர்கள்தான் அதிகம். மீதி எவ்வளவு என்று தெரியாமல் கணக்கு தப்பிவிடும்.

பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். ஒயின் போலச் சுழற்ற வேண்டாம், ஆவிதான் கிளம்பும். கிளாஸைத் தாடைக்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதல் சிப் அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக. அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும், மதிப்பெண் கிடையாது. இரண்டாவது சிப்பிலிருந்துதான் கணக்கு.

தண்ணீர் விட்ட கிளாஸில் எரிச்சல் தணிந்து வெனிலா, கேரமல், கிராம்பு வாசனைகள் மேலே வந்தால் சரக்கு நல்லது, வீரியம்தான் அதிகம். எரிச்சல் போயும் நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி நின்றால், வடிக்கும்போது முதலில் வரும் பகுதியைச் சரியாகக் கழிக்கவில்லை என்று சந்தேகப்படலாம். பச்சை மாவு வாசனை, பீப்பாயில் அதிக காலம் ஊறாத இளம் சரக்கின் அடையாளம்.

கேள்வி: தண்ணீர் விட்டதும் கலங்கிவிட்டதே?

பதில்: பயப்படாதீர்கள். குளிர்வித்து வடிகட்டாத சரக்கில் கொழுப்பு அமில எஸ்டர்கள் என்ற எண்ணெய்ப்பசைப் பொருள்கள் தங்கியிருக்கும். ஆல்கஹால் 46 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் அவை கரையாமல் திரளும். அதைக் குறையாக எழுத வேண்டாம்.

கேள்வி: ஐஸ் போடலாமா?

பதில்: குடிக்கும்போது தாராளமாக. மதிப்பிடும்போது கூடாது. குளிரில் வாசனை அடங்கும், குறையும் ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: இரண்டே வருடச் சரக்கு இவ்வளவு கருமையாக இருப்பது எப்படி? நிறம் சேர்க்கிறார்களா?

பதில்: போர்பனில் நிறம் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாய்தான் அந்த நிறத்தைத் தருகிறது. பெரிய ஆலைகளின் பீப்பாய் 53 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர். சில சிறு வடிசாலைகள் 5, 10 கேலன் பீப்பாய்களில் ஊறவைக்கின்றன. அங்கே ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் மரப்பரப்பு மிக அதிகம். நிறம் சீக்கிரம் இறங்கும், கூடவே துவர்ப்பும். ஆனால் காற்றோடு மெல்ல வினைபுரிந்து வரும் முதிர்ச்சியை அவசரப்படுத்த முடியாது. கண்ணுக்கு முதியது, நாக்குக்கு இளையது! விழுங்கிய பின் ஈறு வறண்டு, புதிதாக அறுத்த பலகை வாசனை நின்றால் சிறு பீப்பாய் என்று ஊகிக்கலாம். லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்றிருந்தால் குறைந்தது 2 வருடம் ஊறியது. 4 வருடத்துக்குக் குறைவானால் வயதை லேபிளில் போட்டே ஆக வேண்டும்.