தினமும் கேஸ் மாத்திரை போட்டால் சத்து குறையுமா? கேள்வி பதில்

எப்போதாவது நெஞ்செரிச்சல் வந்தால் வெள்ளை சிரப் இரண்டு ஸ்பூன் குடிப்பேன். அதனால் சத்து குறையுமா சார்?

குறையாது. இருக்கிற அமிலத்தை முறிப்பதோடு சிரப்பின் வேலை முடிந்தது. ஒமிப்ரசோல், பாண்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரைகள் எல்லாம் அமிலம் சுரப்பதையே அடக்குபவை. அவற்றை வருஷக்கணக்கில் தினமும் போடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

அம்மா மூன்று வருஷமாக பாண்டோபிரசோல் போடுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் உண்டு. இப்போது உள்ளங்கால் மரத்துப்போகிறது என்கிறார். சர்க்கரையால்தானே?

இருக்கலாம். ஆனால் பழியைச் சர்க்கரை மேல் போடுமுன் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். குறைந்தால் நரம்பு பாதிக்கப்படும். சாப்பாட்டில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். மெட்ஃபார்மினும் தன் பங்குக்கு பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் அடி. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பாண்டோபிரசோல் ரக மாத்திரையை 2 வருஷத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு பி12 குறைபாட்டின் வாய்ப்பு 65 சதவீதம் கூடுதலாக இருந்தது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை உடனே வெளியே தெரியாது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்றும் விட்டுவிடாதீர்கள். ரத்தசோகை இல்லாமலே நரம்பு பாதிக்கப்படலாம். ஒரு நல்ல செய்தி: மாத்திரையில் வரும் பி12 புரதத்தோடு ஒட்டியிராது, அமிலம் குறைவாக இருந்தாலும் உடம்பில் சேரும்.

ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, படபடப்பும் இருக்கிறது. மக்னீசியம் மாத்திரை போட்டும் அளவு ஏறவில்லை.

ஒமிப்ரசோல் ரக மாத்திரை போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டால் அதையே முதலில் சந்தேகிப்பேன். அதை நீண்ட நாள் போட்டால் மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-லேயே எச்சரித்தது. அப்படிக் குறைந்ததாகப் பதிவானவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு மக்னீசியம் கொடுத்தும் போதவில்லை. ஒமிப்ரசோல் ரக மாத்திரையையே நிறுத்த வேண்டியிருந்தது. ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரையும் போட்டால் இன்னும் இறங்கும். படபடப்பு இருப்பதால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை எப்படி எடுப்பது?

கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், ஆகவே சாப்பாட்டோடு. கால்சியம் சிட்ரேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரும்பு மாத்திரைக்கும் நெஞ்செரிச்சல் சிரப்புக்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அப்பாவுக்கு கிட்னி பிரச்சினை. சிரப் கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அவருக்குக் குறைவதல்ல, கூடுவதுதான் ஆபத்து. சிரப்பில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும்.

பயந்துபோய் நேற்றே மாத்திரையை நிறுத்திவிட்டேன். எரிச்சல் முன்பைவிட மோசம்!

அப்படித்தான் ஆகும். இத்தனை நாள் அடக்கிவைத்த அமிலம் திடீரென விட்டதும் பீறிட்டுச் சுரக்கும். சில வாரம்கூட நீடிக்கலாம். அதை நோய் திரும்பியது என்று நினைத்து மறுபடி அதே மாத்திரைக்குப் போகிறவர்கள் உண்டு. டாக்டரிடம் கேட்டு டோஸைக் குறைத்து, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறக்குங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவரா? குடல்புண்ணில் ரத்தக்கசிவு வந்தவரா? அப்படியென்றால் அமிலத்தை அடக்கும் அந்த கேஸ் மாத்திரை உங்களுக்குக் காவல். சத்துக்குப் பயந்து கைவிடாதீர்கள்.