காணிக்கை யாருக்காக எடுக்கிறோம்?

கேள்வி: கோயில் வரி, திருவிழா வரி, ஞாயிறு காணிக்கை எல்லாம் பாக்கியில்லாமல் கொடுத்துவிடுகிறேன். அது போதாதென்று மாதக் கடைசி ஞாயிறு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்கென்று தனி உண்டியல் ஏந்துகிறார்கள். ஏழைகளுக்கு அரசாங்கமே ரேஷன் அரிசியும் உதவித்தொகையும் தருகிறது. பணமாகக் கொடுத்தால் பாதிப்பேர் குடித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஏழைக்கு நானே நேரில் கொடுத்துக்கொள்கிறேன், நடுவில் பங்கு (ஊர்க் கோயில் சமூகம்) எதற்கு? கோயில் என்றால் பூசை, செபம். தருமம் அவரவர் விருப்பம் இல்லையா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. பூசை வேறு, தருமம் வேறு என்று நீங்கள் பிரிப்பதே தவறு.

கி.பி. 155 வாக்கில் ரோமில் வாழ்ந்த புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு எழுதிய விளக்கம் இன்றும் இருக்கிறது. வாசகம் படிக்கிறார்கள், தலைவர் மறையுரை ஆற்றுகிறார், அப்பமும் இரசமும் கொண்டுவந்து நன்றி சொல்லிப் பகிர்கிறார்கள். அதோடு, வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பதைத் தலைவரிடம் சேர்க்கிறார்கள். அவர் அதைக் கொண்டு அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் ஆகியோரைக் கவனித்துக்கொள்கிறார். நம் காணிக்கைத் தட்டின் பூர்வீகம் இதுதான். கூரை, மின்கட்டணம், ஒலிபெருக்கி எல்லாம் பிறகு வந்து சேர்ந்த செலவுகள்.

அதற்கும் முன்னால், விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 6-ம் அதிகாரத்தைப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு வருகிறது. அது அவரவர் விருப்பம் என்று திருத்தூதர்கள் கைகழுவவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள்மேல் கைகளை வைத்து வேண்டி, அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 222-ம் பிரிவும் இதைக் கடமை என்றே சொல்கிறது. அதில் இரண்டு பத்தி. திருச்சபையின் தேவைகளுக்கு உதவ வேண்டும் என்பது முதலாவது. சமூக நீதியை வளர்க்க வேண்டும், சொந்த வருமானத்திலிருந்து ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்பது இரண்டாவது. வரி கட்டியதால் முதலாவதை நிறைவேற்றிவிட்டீர்கள். இரண்டாவது அப்படியே நிற்கிறது.

சரி, நானே நேரில் கொடுத்தால் என்ன என்கிறீர்கள். இதே கேள்விக்கு 1617 ஆகஸ்டில் பிரான்சின் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் விடை கிடைத்தது. அப்போது அங்கே பங்குத்தந்தை வின்சென்ட் தே பவுல். ஒரு ஞாயிறு பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவரிடம், ஊருக்கு வெளியே ஒரு குடும்பமே நோயில் விழுந்து கிடக்கிறது, கவனிக்க ஆளில்லை என்று சொல்கிறார்கள். மறையுரையில் அதை எடுத்துச் சொன்னார். பிற்பகலில் அவர் அந்த வீட்டுக்கு நடந்து போனால், வழியெல்லாம் பெண்கள். சிலர் உணவோடு போகிறார்கள், சிலர் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவ்வளவு சாப்பாடும் ஒரே நாளில் வந்து குவிந்தால் பாதி கெட்டுப்போகும், அடுத்த வாரம் அதே வீட்டில் மறுபடி பட்டினி. இதைக் கண்டவர் சில நாட்களிலேயே ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, நோயாளிகளுக்குச் சமைத்துக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். அந்த ஆண்டு டிசம்பருக்குள் அந்தப் பெண்கள் குழுவுக்கு எழுதப்பட்ட விதிமுறையே வந்துவிட்டது.

அந்த ஊரில் இரக்கத்துக்குக் குறைவில்லை, முறைதான் இல்லாமல் இருந்தது. அந்த முறையைக் கொடுத்தது பங்கு. உங்களுக்குத் தெரிந்த ஏழைக்குத் தாராளமாகக் கொடுங்கள், நிறுத்தவே வேண்டாம். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஏழையை யார் பார்ப்பது? வாய்விட்டுக் கேட்கத் தெரிந்தவர், வீட்டு வேலைக்கு வருகிறவர், தூரத்துச் சொந்தம், இவர்கள்தான் நம் கண்ணில் படுகிறார்கள். கேட்க வெட்கப்பட்டு, அடுப்பெரியாததை அடுத்த வீட்டுக்கும் காட்டாமல் இருக்கும் குடும்பத்தை வீடு வீடாகக் கூடும் அன்பியம் என்ற பங்கின் சிறு குழு கண்டுகொள்ளும்.

நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்தச் சபையை வின்சென்ட் தொடங்கவில்லை. அவர் இறந்து 170 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 1833 ஏப்ரல் 23 அன்று, பாரிசில் சில மாணவர்கள் தொடங்கினார்கள். அவர்களில் முன்னின்ற ஃபிரடெரிக் ஓசானாமுக்கு அப்போது 20 வயதுதான். உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் நல்லது செய்தது, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று விவாத மேடையில் எதிர்த்தரப்பு கேட்ட கேள்வி அவர்களைச் சுட்டது. முந்தின ஆண்டுதான் காலரா அந்த நகரத்தில் ஏராளமானோரைக் கொண்டுபோயிருந்தது. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த முஃப்தார் பகுதியில் பணியாற்றிய அருட்சகோதரி ரோசலி ரென்டுதான் இந்த மாணவர்களுக்கு வழிகாட்டினார். எந்த வீட்டுக்குப் போவது, அங்கே எப்படிப் பேசுவது, எதைக் கொடுப்பது என்று அவரிடம்தான் கற்றார்கள். ஏழையை வரவழைத்து வரிசையில் நிறுத்தாமல், அவர் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது இந்தச் சபையின் அடிப்படை வழக்கம். இன்னொரு வழக்கமும் எனக்கு மிகவும் பிடிக்கும். கூட்டத்தில் உறுப்பினர்களிடையே ஒரு பை சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார், யார் வெறுங்கையை உள்ளே விட்டார் என்று யாருக்கும் தெரியாது. திருவிழாவில் தையல் இயந்திரம் கொடுப்பதைப் படமெடுத்து ஃபிளெக்ஸ் வைக்கும் பங்குகள் இதைக் கவனிக்க வேண்டும். வாங்குகிற அந்தப் பெண்ணுக்கும் தெருவில் மானம் உண்டு.

பாதிப்பேர் குடிக்கிறார்கள் என்றீர்கள். எந்தப் பாதி? உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குத் தெரியும். குடிக்கிறவர் வீட்டில் அவர்கள் பணத்தைக் கையில் கொடுக்க வேண்டியதில்லை. அரிசி பருப்பாகவோ, மருந்தாகவோ, நேரே பள்ளியில் கட்டும் கட்டணமாகவோ கொடுக்கலாம். அவர் குடிக்கிறார் என்பதற்காக அவருடைய மனைவி பிள்ளைகளின் பசியை நாம் தள்ளிவைக்க முடியாது.

அரசாங்கம் தருவது மக்களின் உரிமை, அது இன்னும் கூடட்டும். ஆனால் கைரேகை பதியவில்லை என்று ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பும் பாட்டிக்கு ஓர் ஆள் வேண்டும். உதவித்தொகைக்கு மனு எழுதி, தாலுகா அலுவலகம் வரை கூடப் போக ஓர் ஆள் வேண்டும். காப்பீட்டு அட்டையில் அறுவை சிகிச்சை நடந்துவிடும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் மகளின் கூலி போகிறதே, அவளுடைய சாப்பாட்டுக்கு என்ன வழி? பங்கு இறங்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமசுக்கு வேட்டி சேலை கொடுக்கும் அதே பங்கில், தலித் மக்களின் தெருவுக்குள் தேர் போவதில்லை என்றால், அந்த வேட்டி சேலையை ஆண்டவர் தருமமாக ஏற்றுக்கொள்வார் என்று நான் நம்பவில்லை. 222-ம் பிரிவு சமூக நீதியையும் உதவியையும் ஒரே வாக்கியத்தில்தான் வைத்திருக்கிறது.

வரி விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். மாற்கு 12-ல் ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசைப் பற்றி எத்தனையோ மறையுரை கேட்டிருப்போம். அதற்குச் சற்று முன்னால்தான், கைம்பெண்களின் வீடுகளைப் பிடுங்குகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அதைப் பற்றிக் கேட்பது அபூர்வம். வங்கி அதிகாரிக்கும் கடலுக்குக் கூலிக்குப் போகிறவருக்கும் ஒரே தலைக்கட்டு வரி போடுவது நியாயமில்லை. வரி பாக்கி என்று சாவு வீட்டில் பேச்செடுப்பது அதைவிடக் கொடுமை. ஏழை என்பதற்காக ஒருவருக்கு உரிய அடக்கச் சடங்கு கிடைக்காமல் போகக் கூடாது என்று அதே சட்டத் தொகுப்பின் 1181-ம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

அதனால் கணக்குக் கேளுங்கள். எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய நன்கொடையைக் கையாளும்போது யாரும் குறைசொல்ல இடம் வைக்கக் கூடாது என்று திருத்தூதர் பவுல் தம் உடன்பணியாளர் தீத்துவோடு வேறு சகோதரர்களையும் சேர்த்து அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் (537-ம் பிரிவு). எதற்கென்று கொடுத்தார்களோ அதற்கே செலவிட வேண்டும் (1267). மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் (1287). இது பங்குத்தந்தையை எதிர்ப்பது ஆகாது, அவருக்கும் அது பாதுகாப்பு. போன திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் ஒளி அலங்காரத்துக்கும் எவ்வளவு போனது, ஏழைகளுக்கு எவ்வளவு போனது என்று பங்குப் பேரவையில் எழுந்து கேளுங்கள்.

கணக்கு வரும்வரை கொடுக்கமாட்டேன் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கேரளத்தில் புனித சாவரா குரியாக்கோஸ் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துவைக்கச் சொன்னார். சமைக்கும்போது ஒரு பிடி, அவ்வளவுதான். வசதியில்லாத வீடும் அதில் சேர முடிந்தது. மாதக் கடைசி ஞாயிறு உங்களால் முடிந்ததைப் போடுங்கள். போட்ட கையோடு சபைத் தலைவரிடம் போய், அடுத்த முறை வீடு சந்திக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போங்கள் என்று கேளுங்கள். நான் அறிந்த பங்குகளில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். மருந்துக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பைக்கில் போய்வர ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள்.