குதிரைக்கு முள்கம்பி வேலி போதுமா?

மாட்டுக்குப் போட்ட முள்கம்பி வேலி அப்படியே இருக்கிறதே, குதிரைக்கும் அது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, கழற்றிவிடுங்கள். குதிரை மிரண்டால் முதலில் ஓடும், பிறகுதான் பார்க்கும். மெல்லிய கம்பி அதன் கண்ணுக்குச் சட்டென்று படாது. கால் சிக்கினால் உதறி இழுக்கும். தோலோடு தசைநாரும் கிழியும்.

மரப்பலகை வேலி நல்லது, செலவுதான் அதிகம். பலகையைக் குதிரை நிற்கும் பக்கமாக அடியுங்கள். வெளிப்பக்கம் அடித்தால், அது சாய்ந்து முதுகைத் தேய்க்கும்போது ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். உயரம் நாலரை முதல் 5 அடி. பொலிகுதிரைக்கு, அதாவது காயடிக்காத ஆண்குதிரைக்கு, இன்னும் கூடுதல். கம்பிவலைதான் கட்டுப்படியாகும் என்றால் கண்ணி 2க்கு 4 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அப்போதுதான் குளம்பு நுழையாது. வலைக்கு மேலே ஒரு பலகை ஓடட்டும்: கண்ணுக்கும் தெரியும், வலையும் தொய்யாது. அகலமான வெள்ளை மின்நாடா துணைக்கு நல்லது. ஆனால் மின்சாரம் நின்றால் அது வெறும் நாடா, வெளிச்சுற்றுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது மூலையில். கூர்மூலையில் சாதுவான குதிரையை மற்றவை மடக்கி உதைக்கும். இடமிருந்தால் வளைத்துக் கட்டுங்கள். இரும்புக் கம்பம் என்றால் உச்சிக்கு பிளாஸ்டிக் மூடி கட்டாயம்.