ஊரில் அம்மா செய்யும் பலகாரங்களை முதலீடே இல்லாமல் இணையத்தில் விற்க முடியுமா?

பெங்களூரில் வேலை பார்ப்பதாகவும், தேவகோட்டையில் இருக்கும் அம்மா நன்றாகப் பலகாரம் செய்வார் என்றும், முதலீடு எதுவும் போடாமல் இன்ஸ்டாகிராம் வழியாக அவற்றை விற்கத் தொடங்கினால் மாதம் எவ்வளவு கையில் நிற்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொடங்கலாம், நிற்கவும் நிற்கும். ஆனால் "முதலீடே இல்லாமல்" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. பிறருடைய கேள்விகளுக்குப் பதில் எழுதும் பழக்கம் எனக்கு அதிகம் இல்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் காரைக்குடியை ஒட்டிய ஓர் ஊரில் இருந்து சில ஆண்டுகளாகச் சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம், மாவுருண்டை ஆகியவற்றை இணையத்தில் விற்று வருகிறேன். வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில் அடுப்பும், அதற்கு முன்னாலுள்ள இரண்டாங்கட்டில் பெட்டி கட்டும் இடமுமாக நடக்கிற தொழில்தான். பெரிய நிறுவனம் நடத்தும் தோரணையில் நான் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதேபோல, "நீங்கள் செட்டி வீட்டுப் பெண், வியாபாரம் உங்களுக்கு இரத்தத்திலேயே இருக்கும், எங்களுக்கு அப்படியா" என்று பின்னூட்டம் எழுதக் காத்திருப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: என் அப்பச்சி, அதாவது அப்பா, அரசுப் பணியில் இருந்தவர், நான் பள்ளியில் படித்ததெல்லாம் தாவரவியல்.

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. விடுமுறை முடிந்து திரும்பும்போது அம்மா கட்டிக்கொடுத்த டின்னை அலுவலகத்தில் திறந்திருப்பீர்கள், அது சாயங்காலத்துக்குள் காலியாகியிருக்கும், "இதை விற்றால் நாங்களே வாங்குவோம்" என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அரிசி, உளுந்து, எண்ணெய், தேங்காய் ஆகியவற்றின் விலையைக் கூட்டி, கடையில் ஒரு கிலோ விற்கும் விலையோடு ஒப்பிட்டு, நடுவில் இருப்பது முழுவதும் இலாபம் என்று எழுதி வைத்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் உங்கள் அம்மாவின் கைக்கு எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

சீப்புச் சீடையையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போய்விடாத பதத்தில் திரித்துச் சலிக்க வேண்டும். வறுத்து அரைத்த உளுந்து மாவைக் கலந்து, தேங்காய்ப் பாலைச் சூடாக ஊற்றிப் பிசைந்து, வரி விழும் அச்சில் பட்டையாகப் பிழிந்து, துண்டு துண்டாக நறுக்கிக்கொள்ள வேண்டும். இதுவரை இயந்திரத்தின் உதவி கொஞ்சம் கிடைக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டையும் விரலில் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்து அழுத்தி, வளையமாகக் கழற்றித் துணியில் போட வேண்டும். முனை சரியாக ஒட்டாவிட்டால் எண்ணெயில் விரிந்துவிடும். மாவில் பதம் தப்பினால் வெடித்து எண்ணெய் முகத்தில் தெறிக்கும். ஒரு கிலோவில் இருக்கும் நூற்றுக்கணக்கான வளையங்களும் யாரோ ஒருவருடைய ஆள்காட்டி விரலைச் சுற்றி வந்தவைதான். எங்கள் கணக்கில் சீப்புச் சீடைக்குப் பொருட்செலவைவிடக் கூலிதான் எப்போதும் அதிகமாக வருகிறது.

நான் தொடங்கியபோது முதல் நாளிலிருந்தே ஆத்தாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, கூலி எழுதினேன். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுடப் போகும் பெண்களுக்கு எங்கள் பக்கத்தில் என்ன நாட்கூலி கொடுக்கிறார்களோ, அதே தொகையை ஆத்தா பெயரில் பற்று எழுதி, மாதக் கடைசியில் அவருடைய அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவேன். "வீட்டுக் காரியத்துக்கு எனக்கு எதுக்குத்தா கூலி" என்று ஆத்தாவே முதலில் வருத்தப்பட்டார். செய்தி எப்படியோ வெளியே போய், ஒரு சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) வீட்டுப் பந்தியில் வைத்து என் பெரியப்பச்சி (பெரியப்பா) எல்லாருக்கும் கேட்கும்படி, "பெத்த ஆத்தாவுக்குக் கூலி போட்டுக் கொடுக்கிறியாமே, இது எந்த ஊர் வழக்கம்?" என்றார். சிரித்தவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள்தான்.

அது நம் ஊர் வழக்கம்தான் என்று அன்றைக்கே சொன்னேன். நம் செட்டிமார் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள் அனுப்பினார்களே, அவர்களில் பலர் பங்காளியாகவோ தாயபிள்ளையாகவோதான் இருந்தார்கள். ஆனாலும் மூன்று ஆண்டுக் கெடுவுக்கு இன்ன சம்பளம் என்று பேசி எழுதாமல் யாரும் கப்பல் ஏறவில்லை. சொந்தக்காரன்தானே, சும்மா செய்யட்டும் என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. அதே வீடுகளின் மூன்றாங்கட்டில் உட்கார்ந்து, சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டிய பலகாரம் முழுவதையும் சுட்டு அடுக்கிய பெண்களின் பெயரில்தான் எந்தப் பேரேட்டிலும் ஒரு பற்று இல்லை. ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கு எழுதத் தெரிந்த சமூகம் என்று பெருமை பேசுகிறோம், ஐந்தொகையில் பாதி வீட்டை விட்டுவிட்டு எழுதியிருக்கிறோம் என்றேன். பெரியப்பச்சி பாயசத்துக்கு இலையை நிமிர்த்திக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

இதை நான் பாசத்துக்காகவோ கொள்கைக்காகவோ மட்டும் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். விலை வைப்பதில் இதைவிட அவசியமான காரியம் வேறு இல்லை. இரண்டாம் ஆண்டில் ஆத்தாவுக்கு மணிக்கட்டு வலி வந்து, மாவு பிசையவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பெண்களை நாட்கூலிக்கு அழைத்துக்கொண்டோம். ஆத்தா நாற்காலியில் உட்கார்ந்து பதம் மட்டும் பார்த்துச் சொல்கிறார். கூலி முன்பே விலைக்குள் இருந்ததால் வாடிக்கையாளர்களிடம் ஒரு ரூபாய்கூட உயர்த்திக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே சமயத்தில் எங்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்து விற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞர், அவருடைய தாயாருக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் ஆள் வைத்துப் பார்த்தார். கூலியைச் சேர்த்தால் விலை ஒரேயடியாக ஏறுகிறது, ஏற்றினால் வாங்கியவர்கள் ஓடுகிறார்கள் என்ற நிலையில் கடையை மூடிவிட்டார். அவர் மீது எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. அவருடைய தேன்குழல் எங்களுடையதைவிட நன்றாகவே இருந்தது.

கூலிக்கு அடுத்தபடியாக நீங்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டீர்கள் என்று நான் நினைப்பது பெட்டி. பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் பொட்டலத்தின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் எண்ணையும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. ஒரு கிலோ தேன்குழல் நொறுங்காமல் போக வேண்டுமென்றால் சுற்றிலும் காகிதம் திணித்து 30, 25, 20 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியாவது வேண்டும். பெருக்கி வகுத்தால் 3 கிலோ வருகிறது. வாங்குபவருக்குக் கிடைப்பது ஒரு கிலோ, நீங்கள் கட்டணம் கட்டுவது மூன்று கிலோவுக்கு. மணகோலம் பாகில் பிடித்து உருட்டுவதால் இறுக்கமாக அடையும், சின்னப் பெட்டியே போதும். சீப்புச் சீடையும் குலுங்கினால் உடையாது. மாவுருண்டை சித்திரை வெயிலில் நெய் கசிந்து பொடியாகிவிடும் என்பதால் கோடையில் அதை நாங்கள் அனுப்புவதே இல்லை. நாள்பட வைத்திருக்க முடியாத கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் போன்றவற்றை அம்மா எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இந்த வியாபாரத்தில் நினைக்கவே வேண்டாம். எது சுவையாக இருக்கிறது என்று பார்த்துப் பட்டியல் போடுவதற்கு முன்னால், எது பெட்டியில் அடங்கும் என்று பாருங்கள்.

வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும், அதன் விலையையும் கணக்கில் சேருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வீட்டில் செய்பவர்களுக்கும் கட்டாயம். நான் பதிந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அடிப்படைப் பதிவே போதுமானதாக இருந்தது, கட்டணமும் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். பதிவில் தரும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் ஒட்டும் சிட்டையில் அச்சிட வேண்டும். நிகர எடை, சேர்மானங்கள், தயாரித்த நாள், எதுவரை உண்ணலாம், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, முகவரி, சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளி ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். இதெல்லாம் பெரிய வேலை இல்லை.

உங்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவர் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் இருக்கலாம். வெளிமாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு கிடையாது, முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும். சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு, பலகாரத்துக்கு இல்லை. உங்கள் முதல் வாடிக்கையாளர்கள் பெங்களூர் அலுவலகத்து நண்பர்கள் என்பதால், தேவகோட்டையிலிருந்து போகும் முதல் பெட்டியிலேயே இது வந்துவிடும். வரி விகிதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பொட்டலமிட்ட கார வகைகளுக்கு 12 விழுக்காடாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது.

இந்த ஜிஎஸ்டி பதிவில் எங்களை அலையவிட்டது முகவரிச் சான்று. தொழில் நடக்கும் வீட்டின் மின்கட்டண இரசீதோ வீட்டுவரி இரசீதோ கொடுக்க வேண்டும், அது வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். எங்கள் வீட்டு மின் இணைப்பு காலமாகிவிட்ட ஐயா (தாத்தா) பெயரில் இருந்தது. வீடோ பொது வீடு. பங்குள்ளவர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலுமாக இருக்கிறார்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர், "வீட்டில் கடை வைத்தால் நாளைக்கு உரிமை கொண்டாடுவாயா" என்று கேட்கிறார். படையலுக்குக்கூட வந்து தலைகாட்டாதவர்கள், ஓடு உடைந்து மழை ஒழுகியபோது மாற்றித் தரப் பணம் அனுப்பாதவர்கள், ஒரு கையெழுத்துக்கு இத்தனை யோசித்தார்கள். சரி, அது என் வீட்டு விவகாரம். உங்கள் வீடும் பொது வீடாக இருந்தால், இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்குவதற்கு முன்னால் இந்தக் கடிதங்களை வாங்கிவிடுங்கள்.

பொருள் வந்தபின் பணம் தரும் முறை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அப்படி இருந்தால்தான் புதியவர்கள் நம்பி வாங்குவார்கள் என்று சிலர் சொல்வார்கள், துணிக்கு அது சரியாக இருக்கலாம். வாங்காமல் திருப்பி அனுப்பிய பலகாரம் நமக்கு வந்து சேரும்போது அதை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது, போகவும் வரவும் கூரியர் கட்டணம் நம் தலையில் விழும். யுபிஐ வழியாக முன்பணம் வாங்கிவிட்டுத்தான் அச்சையே கையில் எடுப்போம். அதே கண்டிப்பைக் காணொளி போடுபவர்களிடமும் காட்டுங்கள். "அறிமுகப்படுத்துகிறோம், எல்லாவற்றிலும் ஒரு கிலோ அனுப்புங்கள்" என்று கேட்பவர்களுக்கு, கூலியைக் கணக்கிட்டு அந்த ஒரு கிலோவின் அடக்கவிலை எவ்வளவு என்று பார்த்தபின் பதில் சொல்லுங்கள்.

மாதம் எவ்வளவு நிற்கும் என்பதற்கு எண் சொல்ல மாட்டேன்; என் எண் உங்களுக்குப் பயன்படாது. கூலி, பெட்டி, அனுப்பும் செலவு, எரிவாயு, வரி எல்லாவற்றையும் கழித்த பின் ஒரு கிலோவுக்கு ஏதாவது மீந்தால் தொடங்குங்கள், மிஞ்சாவிட்டால் விலையை ஏற்றி வைத்துத் தொடங்குங்கள். வேலையை இப்போது விடாதீர்கள். உங்கள் கேள்வியில் அம்மா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லாததால், அவரிடம் கேட்டீர்களா என்று தெரியவில்லை. கேட்கும்போது கூலித் தொகையையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாரும் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் தொடங்குவார்கள். அப்போது கூரியர்காரர்களிடம் பெட்டிகள் மலையாகக் குவிந்திருக்கும், கூலிக்கு ஆளும் கிடைக்காது. நீங்கள் ஆடியில் தொடங்குங்கள். ஆடியில் கல்யாணம் இல்லாததால் பலகாரம் சுடப் போகும் பெண்கள் வீட்டில்தான் இருப்பார்கள். தேவகோட்டையில் விசாரித்தால் அம்மாவுக்குக் கைகொடுக்க இரண்டு பேராவது கிடைப்பார்கள்.