ரோவர் பி6, ட்ரையம்ப் 2000: எதை வாங்கலாம்?

இங்கிலாந்தில் பழைய செடான் ஒன்றை வாங்கி வீட்டிலேயே பழுது பார்த்து ஓட்ட வேண்டும், இந்த இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்பானர் பிடிக்கப்போவது நீங்களே என்றால் ட்ரையம்ப்தான். அதிலும் அதே காரின் பெரிய எஞ்சின் மாடல்களில், கார்புரேட்டர் வைத்த 2500 டிசி அல்லது 2500 எஸ். ஓட்டும் சுகத்தில் ரோவர் ஒரு படி மேல், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் நோய்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன.

இரண்டுமே 1963 அக்டோபரில் வந்து 1977-ல் நின்றவை. இரண்டுக்கும் வாரிசான ரோவர் எஸ்டி1-தான், வேறு எஞ்சினோடு, 1985-ல் சென்னையில் ஸ்டாண்டர்டு 2000 ஆக வந்தது.

ரோவரில் பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் கூடு. வெளித்தகடுகள் எல்லாம் போல்ட் போட்டு மாட்டியவை. புது மட்கார்டு மாட்டி பெயின்ட் அடித்துவிட்டால் கூடு உளுத்திருப்பது தெரியாது. அதனால் பின் சீட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். பின்கதவைத் திறந்து, பூட்டு விழும் தூணின் அடிப்பகுதியை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் பெரிய டிங்கரிங் செலவு காத்திருக்கிறது.

அடுத்து பின் பிரேக். டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, நடுவில், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேரே டிஸ்க்கில் படும். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் இறுகிப்போனால் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. கை நுழையவே இடமில்லாத வேலை அது.

ட்ரையம்பும் துருப்பிடிக்கும், ஆனால் பெரும்பாலும் பார்வைக்குத் தெரியும் இடங்களில். ஆறு சிலிண்டர் எஞ்சினில் முக்கியமான சோதனை ஒன்று: ஒருவர் கிளட்சை மிதிக்க, நீங்கள் முன்னால் குனிந்து, கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் இருக்கும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழுந்த பிறகும் ஓட்டினால் கிராங்கும் பிளாக்கும் பாழ். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் சம்ப்பைக் கழற்றி மாற்றிவிடலாம், வாஷர் விலை சொற்பம்.

வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டினால், பின் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டில் முன்பின் வழுக்க வேண்டிய பல் இணைப்பான ஸ்ப்ளைன் இறுகி, சட்டென விடுபடுகிறது என்று அர்த்தம். கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள். ஸ்ப்ளைன் தேய்ந்திருந்தால் ஷாஃப்டையே மாற்ற வேண்டும்.

ட்ரையம்பின் 2.5 பிஐ மாடலில் கார்புரேட்டருக்குப் பதில் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்ஷன். பம்ப் சுமார் 100 பிஎஸ்ஐ அழுத்தம் தர வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைந்தால் பம்ப் சூடேறி, பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். போஷ் பம்ப் போட்ட வண்டியாகப் பாருங்கள்.

மனம் பி6-இன் எட்டு சிலிண்டர் மாடலான ரோவர் வி8-இல்தான் நிற்கிறது என்றால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். அந்த 3528 சிசி எஞ்சினின் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். கூலன்ட் கலக்காமல் வெறும் தண்ணீரில் ஓட்டிய வண்டியில் பழுப்புச் சேறு தெரியும். அந்த வண்டியைத் தொடாதீர்கள்.